சந்தில் நின்ற கார்

ஐந்தாவது முறையாகச் சாவியைத் திருப்பினாள் சின்னவள். இன்ஜின் சுற்றியது, இருமியது, பிடித்துவிடும்போல் ஒரு கணம் போக்குக் காட்டிவிட்டு அடங்கிப்போனது.

"இன்னொரு தடவ அடிச்சுப் பாரு" என்றார் அத்தான். அவர் காருக்குப் பின்னால் முற்றத்தில் நின்றார். உள்கண்ணாடியில் அவருடைய சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன.

அடித்துப் பார்த்தாள். இந்தத் தடவை சுற்றுவதே சோம்பலாக இருந்தது. பெட்ரோல் வாடை உள்ளே வந்து மூக்கில் ஏறியது.

"போதும், போதும். பேட்டரியும் போயிடப் போகுது" என்று அவரே சொன்னார்.

அந்த வீடு தெருவில் இல்லை. தெருவைப் பார்த்த இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து, சந்து முடிகிற இடத்தில் சின்ன முற்றம், அதைத் தாண்டி வீடு. சந்துக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரச் சுவர். காரை உள்ளே விட்டால் பக்கத்துக்கு ஒரு சாண் மிஞ்சும், அவ்வளவுதான். வெளிக்கண்ணாடிகள் இரண்டையும் மடக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரை உரசாமல் காரைக் கொண்டுபோகத் தெரிந்த ஒரே ஆள் அந்தக் குடும்பத்தில் சின்னவள்தான். ஆறு வருஷமாக வாரத்துக்கு இரண்டு நாள் அம்மாவைப் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, கைகால் பயிற்சிக்கு அப்படித்தான் கூட்டிப்போனாள். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. ஆனாலும் சின்னவள்தான். ஏழு வயது மூத்தவள் பெரியவள், அத்தானின் மனைவி.

அம்மா நேற்றுச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தாள். இன்று பதினொரு மணிக்கு மின்மயானத்தில் நேரம் வாங்கியிருந்தார்கள். ராத்திரி முழுக்க மழை. சவவண்டி முற்றம்வரைக்கும் வந்தால்தான் மரியாதை என்று அத்தான் சொல்லிவிட்டார். அதற்கு இடம் வேண்டும் என்றுதான் காலை எட்டு மணிக்குச் சின்னவள் காரை எடுத்தாள். சில்லிட்டுக் கிடந்த வண்டி. பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை முழுக்க இழுத்து விட்டதும் முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது. சந்தில் பாதி தூரம் போவதற்குள், சந்து முனையில் வாடகை நாற்காலிகளை ஏற்றிவந்த தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்து நின்றது. பின்னாலிருந்து அத்தான் டிக்கியைத் தட்டினார்.

"ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு. பொகை எல்லாம் உள்ள வருது. ஜனங்க உக்காந்திருக்காங்க."

ஆஃப் பண்ணினாள். அரை நிமிஷம்கூட ஓடியிருக்காது. நாற்காலிகளை இறக்கித் தெருவிலேயே அடுக்கிவிட்டுத் தள்ளுவண்டி போனது. அதற்குள் பந்தல்காரர்கள், முற்றத்தில் கார் நின்ற இடம் காலியாகிவிட்டதென்று, அங்கே நான்கு கால்களை நட்டு மேலே துணியை இழுத்துக் கட்டிவிட்டார்கள். இப்போது காரைப் பின்னால் உருட்டவும் வழியில்லை. பந்தல் முற்றத்தில், நாற்காலிகள் தெருவில், நடுவில் கார். வந்தவர்களில் பாதிப்பேர் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். மீதிப்பேர் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள்.

கதவைத் திறந்து பார்த்தாள். சுவரில் இடித்துக்கொண்டு நின்றது. திறந்த இடைவெளியில் ஒரு புத்தகத்தை நீட்டலாம். ஜன்னல் கண்ணாடி பல வருஷமாகப் பாதிக்குமேல் இறங்குவதில்லை. அந்தப் பாதியில் தலையும் ஒரு கையும் போகும். மற்றதெல்லாம் உள்ளேதான் இருக்கும்.

"நீ வெளிய வர முடியாதா?" என்று அத்தான் கேட்டார்.

"எப்படி அத்தான்?"

அவர் அதை யோசித்தார். யோசிப்பதுகூட அவருக்கு ஒரு வேலைபோலத்தான், வங்கியில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவர். பிறகு "சரி, இரு" என்றார்.

ஆண்கள் ஆறுபேர் சேர்ந்து தள்ளினார்கள். சந்து தெருவை நோக்கி மேடேறும், முனையில் செங்குத்தாகச் சிமென்ட் சரிவு, அதன்மேல் ராத்திரி மழையில் ஊறிய பாசி. ஆறுபேரில் நான்குபேருக்கு அறுபது தாண்டிவிட்டது. கார் இரண்டடி ஏறியது. யாரோ ஒருவருக்குக் கால் வழுக்கியது. அவர் விட்டதும் மற்றவர்களும் விட்டார்கள். சின்னவள் கைபிரேக்கை இழுத்துப் பிடித்திருக்காவிட்டால் பந்தலும் பந்தலுக்கு அடியில் இருந்தவர்களும் என்ன ஆகியிருப்பார்களோ. சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அண்ணியத் தூக்க வந்தா என்னையும் தூக்க வெச்சிடுவீங்க போல இருக்கே" என்றார். ஒருவர் சிரித்தார். சிரித்தது தப்போ என்று உடனே நிறுத்திக்கொண்டார்.

எட்டரைக்குச் சவவண்டி, காரளவே அகலமான ஒரு வேன், வந்து தெருவில் நின்றது. வண்டியோட்டி இறங்கிச் சந்தை எட்டிப் பார்த்தார். ஒல்லியான மனிதர், காதில் பஞ்சு வைத்திருந்தார்.

"கயிறு கட்டி இழுக்கலாமா?" என்று தெருவில் யாரோ கேட்டார்கள்.

"இந்த வண்டில எதையும் கட்டி இழுக்கக் கூடாது. எனக்கு ஒன்றரைக்கு வேற எடத்துல வேல இருக்கு. அதுக்கு மேல நிக்க மாட்டேன்."

சின்னவள் ஸ்டியரிங்மேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் சுவர். வலச்சுவரில் ஈரம் வரைந்த கறை ஒன்று தோள்பட்டை மாதிரி இருந்தது. அம்மா பார்த்தால் அளவு சொல்லியிருப்பாள்.

அம்மா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்தே இரண்டு பெண்களையும் வளர்த்தாள். டேப்பைக் கழுத்தில் மாலைமாதிரி போட்டிருப்பாளே தவிர, அளவெடுக்க அது அவளுக்குத் தேவைப்பட்டதில்லை. ஆள் வாசலில் வரும்போதே எண்களைச் சொல்லிவிடுவாள். கல்யாண வீட்டில் வைத்துக்கூட, பெயர் ஞாபகம் வராத சொந்தக்காரியிடம் "உனக்கு இடுப்பு ரெண்டு இஞ்ச் ஏறிடுச்சேடி" என்று சொல்லப்போய், அந்த அம்மாள் ஒரு வருஷம் பேசாமல் இருந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் காலை, வெட்டிக்கொண்டிருந்த துணியின்மேலேயே சரிந்துவிட்டாள். வலது கையும் காலும் போயின. பேச்சில் மூன்று வார்த்தைகள் மிஞ்சின. "அது", "வேண்டாம்", "எங்க?" சின்னவள் அப்போது ஒரு பல் டாக்டரிடம் பல்செட் செய்கிற வேலையில் இருந்தாள். ஒரு மாதம் லீவு போட்டாள். அப்புறம் இன்னொரு மாதம். பிறகு டாக்டரே வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

அந்த மூன்று வார்த்தைகளில் சின்னவளைத் துரத்தியது "எங்க?" தான். அவள் அறையைவிட்டு வெளியே கால் வைத்ததும் அது வரும். அடுப்படிக்குப் போனால் "எங்க?" குளிக்கப் போனால், தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி, "எங்க?" ராத்திரி இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை எழுந்து பார்த்துவிட்டுப் படுத்தால், கண் சொருகும் நேரத்தில் "எங்க?" "இங்கதான்மா இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் போதும், அம்மா அடங்கிவிடுவாள். ஒருநாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று அவள் எண்ணியதில்லை.

மெக்கானிக் ஒன்பது மணி வாக்கில் சைக்கிளில் வந்தார். அவருடைய பட்டறைப் பலகையில் 'அவசர வேலைகள் உடனுக்குடன் செய்து தரப்படும்' என்று எழுதியிருக்கும். அவர் அவசரப்பட்டு இதுவரை யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே எல்லாரும் அவரை அவசரம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் ஃபோனை எடுத்தால் "அவசரம் பேசறேன்" என்றுதான் சொல்வார், கொட்டாவி விட்டு முடித்த பிறகு.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சரிவில் இறங்கி வந்து காருக்கு முன்னால் நின்றார். காரைப் பார்க்கவில்லை. காரைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, வீட்டு வாசலைப் பார்த்தார்.

"அம்மாவா?"

"ஆமாண்ணே. நேத்து சாயங்காலம்."

"எனக்கு ஒரு சட்ட தெச்சுக் குடுத்தாங்க. அளவே எடுக்கல. இன்னும் போடறேன்" என்றார். பிறகு பையைக் கீழே வைத்து பானெட்டைத் தூக்கினார். அவர் முகம் மறைந்து குரல் மட்டும் வந்தது.

"சோக் இழுத்தியா தங்கச்சி?"

"முழுசா இழுத்தேன்."

"உடனே பிடிச்சிருக்குமே."

"முதல் அடிலயே."

"எவ்ளோ நேரம் ஓடிச்சு?"

"அரை நிமிஷம் இருக்கும்."

"அப்புறம் நிறுத்திட்டே."

"ஆமா."

பானெட்டுக்குப் பின்னால் நாக்கு ஒரு சத்தம் போட்டது. "குளுந்து கெடக்கிற இன்ஜின். அதுக்கு நீ பெட்ரோல அள்ளி அள்ளி ஊட்டியிருக்கே. அது சூடாகி, குடிச்சத எரிச்சு முடிக்கறதுக்குள்ள நிறுத்திட்டே. இப்போ உள்ள பூரா ஈரம். நீ அடிக்க அடிக்க இன்னும் ஈரம். பிளக் தொப்பலா நனஞ்சிருக்கும்." தலையை வெளியே நீட்டினார். "உனக்குத் தெரியாததா இது? ஒருதரம் கிளப்பிட்டா சூடு ஏறாம நிறுத்தாதேன்னு நானே எத்தன தடவ சொல்லிருக்கேன்? யாரு நிறுத்தச் சொன்னது?"

உள்கண்ணாடியில் சட்டைப் பொத்தான்கள் அசையாமல் இருந்தன.

"நாந்தாண்ணே. ஏதோ ஞாபகத்துல நிறுத்திட்டேன்."

அவசரம் அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னாலும் பார்த்தார். மறுபடி பானெட்டுக்குள் போய்விட்டார்.

நான்கு பிளக்குகளையும் கழற்ற அரைமணிக்குமேல் ஆனது. ஒவ்வொன்றையும் அவளுக்குக் காட்டினார். முனை கறுத்து, சொட்டச் சொட்ட இருந்தது. "இப்போ சாவியத் திருப்பு, பயப்படாதே" என்றார். திருப்பினாள். பிளக் இல்லாத ஓட்டைகள் வழியாகப் பெட்ரோல் புகைபோலச் சீறி வெளியே வந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு சொட்டு ஆயில் விட்டார். "உள்சுவத்துல இருந்த ஆயிலயெல்லாம் பெட்ரோல் கழுவிட்டுப் போயிருக்கும். அதான்" என்றார். பிளக்குகளைத் துணியில் சுற்றிக்கொண்டார்.

"எதிர்த்த டீக்கடை அடுப்புல சூடு காட்டி எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் இதெல்லாம் தெறந்தே கெடக்கட்டும். காயணும்."

"எவ்ளோ நேரமாகும்?" என்று அத்தான் பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

"காயற நேரம்" என்று சொல்லிவிட்டு மேடேறிப் போனார்.

அவர் போனதும் பெரியவள் வந்தாள். டிக்கிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தோளை மட்டும் நுழைத்துக்கொண்டு, பின் ஜன்னல் பக்கமாகக் குனிந்தாள். சின்னவள் திரும்பிக் கையை நீட்டி, பின் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினாள். முழுசாகத் திரும்பி உட்கார முடியாது. அக்காவின் முகத்தை உள்கண்ணாடியில்தான் பார்த்தாள். பள்ளித் தலைமையாசிரியையின் முகம். ஒரே ராத்திரியில் கண்ணுக்குக் கீழே தொங்கிப்போயிருந்தது.

"தண்ணி வேணுமா?"

"வேண்டாங்க்கா."

"சின்னி, நானும் அத்தானும் பேசிட்டோம். இன்னிக்கு நாலு மணிக்குக் கெளம்பிடலாம்னு இருக்கோம். நீயும் வந்துடு."

"எங்கக்கா?"

"எங்கயா? நம்ம வீட்டுக்குத்தான். இங்க தனியா என்ன பண்ணப் போற? வீட்டப் பூட்டிடலாம். படுக்கையில கெடக்கற என் மாமியாரப் பாத்துக்க வெச்ச பொண்ணு போன மாசம் நின்னுட்டா, தெரியுமில்ல? வேற ஆளு யாரும் ரெண்டு நாளுக்கு மேல நிக்க மாட்டேங்கறாங்க. உனக்குன்னா பழக்கம். நீயும் சும்மா இல்லாம..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. முடித்த மாதிரிதான் இருந்தது.

"இதை இப்பவே பேசணுமா?"

"வேற எப்போ பேசறது? இங்கதான் நீ எழுந்து போகாம ஒரு எடத்துல உக்காந்திருக்கே." பெரியவளுக்கே சிரிப்பு வருவதுபோல் உதடு கோணியது, வரவில்லை. "உன் துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன். நீ அலைய வேண்டாம்னு."

கண்ணாடியை இலேசாகத் திருப்பினாள் சின்னவள். வாசற்படியில், மாலைகளுக்குப் பக்கத்தில், அவளுடைய பச்சைப் பெட்டி நின்றுகொண்டிருந்தது. பூட்டாத மூடிக்கு வெளியே அவளுடைய துவாலையின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது.

அக்கா தோளை உருவிக்கொண்டு போய்விட்டாள். சின்னவள் கதவுக் கைப்பிடியை இழுத்தாள். சுவரில் இடித்தது. மூடினாள். மறுபடி இழுத்தாள். இந்தத் தடவை வேகமாக. டங்கென்று சத்தம் கேட்டு முற்றத்தில் எல்லாரும் திரும்பினார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் பெட்டி. முன்னால் தூக்கி நிறுத்திய பானெட், வெறும் தகரம். அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இவர்களெல்லாம் பார்க்கும்போது எப்படி இதற்குள் உட்கார்ந்திருப்பது என்று நினைத்தாள். எவ்வளவு நேரம் இன்னும் என்று நினைத்தாள்.

அப்புறம் தூங்கிவிட்டாள்.

எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தலை பின்னால் சாய்ந்து வாய் இலேசாகத் திறந்துகொண்டது. கனவு வந்ததா இல்லையா, அதுவும் தெரியாது. நேற்றுச் சாயங்காலம் அடுப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தது மட்டும் வந்தது. அது கனவில்லை, அப்படியே நடந்தது. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிய கிண்ணத்தைக் கழுவ எழுந்து வந்தாள். கழுவி வைத்தாள். "எங்க?" வரவில்லை. மதியத்துப் பாத்திரங்களையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் சீராக விழுந்தது. எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்தாள். அந்த நிம்மதி கலைந்துவிடக் கூடாதென்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு பாத்திரத்தைக்கூட எடுத்துத் தேய்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குப் போனபோது அம்மா கதவைப் பார்த்தபடியே போயிருந்தாள்.

"மயக்கம் போட்டுட்டா! தண்ணி எடுத்துட்டு வாங்க!" என்று முற்றத்தில் யாரோ கத்தினார்கள்.

"துக்கம் தாங்காம..." என்றது இன்னொரு குரல்.

"சத்தம் போடாதீங்க" என்றது மூன்றாவது குரல், முன்னாலிருந்து, கொஞ்சமும் அவசரமில்லாமல். "தூங்கறா. பிளக் இன்னும் காயல. தூங்கட்டும்."

அவள் கண் விழித்தபோது மணி பத்தே முக்கால். அத்தான் ஃபோன் பண்ணி மயான நேரத்தைப் பன்னிரண்டுக்கு மாற்றி வாங்கியிருந்தார். அவசரம் சரிவில் குந்தி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான்கு பிளக்குகளும் முன்பே மாட்டப்பட்டிருந்தன. கைகளில் கரி துடைத்த அடையாளம்கூட இல்லை. எவ்வளவு நேரமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு தடவ அடி, பாப்போம்" என்றார்.

அடித்தாள். கட் கட் கட் என்றது. அதற்குமேல் ஒன்றுமில்லை. காலையிலிருந்து அடித்ததில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

அவசரம் டீ கிளாஸை வைத்துவிட்டுத் தெருவுக்குப் போனார். சவவண்டியோட்டியிடம் அவர் என்ன பேசினார் என்று கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் அந்த வெள்ளை வண்டி மெல்ல மூக்கைத் திருப்பி, சரிவின் தலையில் வந்து நின்றது. வண்டியோட்டி காதுப் பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"கட்டி இழுக்கறதுக்குத்தான் கூடாது. கரண்ட் குடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல" என்றார்.

சவவண்டியின் பேட்டரியிலிருந்து நீளமான இரண்டு வயர்கள் சரிவில் இறங்கி வந்து காரின் பேட்டரியைக் கவ்விக்கொண்டன. அவசரம் பானெட்டுக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டினார்.

"சோக்க உள்ள தள்ளு. ஆக்ஸிலேட்டர முழுசா மிதி. தரை வரைக்கும். மிதிச்சத விடவும் கூடாது, விட்டு விட்டு மிதிக்கவும் கூடாது. காத்து உள்ள போகணும். இப்போ அடி. நான் சொல்றவரைக்கும் சாவிய விடாதே."

மிதித்தாள். திருப்பினாள். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு இருமல். இன்னொன்று. "விடாதே" என்றார். மூன்று, நான்கு, ஒன்றோடொன்று சேர்ந்தன. கார் ஒரு குலுக்குக் குலுக்கிப் பெரிதாக உறுமியது. பின்னால் கரும்புகை மொத்தமாகக் கிளம்பிப் பந்தலுக்குள் புகுந்தது. எல்லாரும் இருமினார்கள். அத்தான் எல்லாரையும்விட அதிகமாக இருமினார். ஆனால் இந்தத் தடவை எதையும் தட்டவில்லை.

வயர்களைச் சுருட்டிக்கொண்டு சவவண்டி பின்வாங்கியது. பானெட்டை இறக்கிவிட்டு அவசரம் ஒதுங்கி நின்றார். கார் சரிவேறித் தெருவுக்கு வந்ததும் அவசரம் அவளுடைய ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"நிறுத்தாதே. இருபது நிமிஷமாவது நல்லா ஓட்டு. சூடு காட்டற முள் பாதிக்கு வரணும். அதுக்கு முன்னாடி யாரு சொன்னாலும் நிறுத்தாதே." 'யாரு' என்ற சொல்லைக் கொஞ்சம் இழுத்தார்.

"அம்மாவ ஏத்த நான் இருக்க வேண்டாமா?"

"அதுக்கு ஆளுங்க இருக்காங்க. நீ நேரா அங்க வந்துடு."

அப்படித்தான் சின்னவள் தனியாகக் கிளம்பினாள். ஈரத் தெருக்களில் போனாள். பின்சீட்டில் யாரும் இல்லாமல் இந்தக் காரை எப்போது கடைசியாக ஓட்டினாள் என்று ஞாபகமில்லை. வளைவுகளில் மெதுவாகத் திரும்ப வேண்டியதில்லை. ஒரு பள்ளத்தில் தடக்கென்று இறங்கிவிட்டு, "பாத்துக்கோம்மா" என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். முள் கீழேயே கிடந்தது. புறவழிச் சாலைக்கு வந்தாள். அங்கே இடதுபக்கம் போனால் மயானம், நேராகப் போனால் சாலை போய்க்கொண்டே இருக்கும். முள் கால்வாசிக்கு வந்திருந்தது. இருபது நிமிஷம் ஆகவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நேராகப் போனாள். லாரிகள் தாண்டிப்போயின. இருபுறமும் சுவர் இல்லாத வெட்டவெளி. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு என்னவோபோல் இருந்தது, எங்கேயாவது சாய்ந்துகொள்ளவேண்டும்போல். முள் பாதியைத் தொட்டு நின்றது. அதற்கப்புறமும் ஒரு பாலம்வரைக்கும் போனாள். பாலத்துக்குக் கீழே வண்டியைத் திருப்பினாள்.

அவள் மயானத்துக்குப் போனபோது எல்லாரும் காத்திருந்தார்கள். "எங்க போயிட்டே?" என்று பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். சின்னவள் அவளைத் தாண்டிப் போனாள். அம்மாவின் முகத்தை ஒருதரம் பார்த்தாள். யாரோ தலைசீவி விட்டிருந்தார்கள், வகிடு தப்பான பக்கத்தில் இருந்தது. விரலால் சரிசெய்தாள். அந்த வேலை செய்துகொண்டிருக்கும்போதே, "நேரமாச்சும்மா" என்றார் அங்கிருந்த பணியாளர். தட்டு உள்ளே போனது. கதவு இறங்கியது.

ஒரு மணிநேரம் ஆகும் என்றார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்பினார்கள். அத்தான் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குள் போனார். கட்டடத்தின் பக்கவாட்டில் நீளமான சிமென்ட் பெஞ்சு இருந்தது. அக்காவும் தங்கையும் அதில் உட்கார்ந்தார்கள்.

"கடைசியில ஏதாவது சொன்னாளா?" என்றாள் பெரியவள்.

"ஒண்ணும் சொல்லல."

அதற்குமேல் சொல்லச் சின்னவளுக்கு ஏதோ இருந்தது. அக்கா அதைக் கேட்கவும் தயாராக இருந்தாள்போல. இருவரும் எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் வரலக்கா."

"என்ன?"

"உன்கூட. நான் வரல. பெட்டிய உங்க கார்ல ஏத்தியிருப்பீங்க இல்ல? எடுத்துக்கறேன்."

பெரியவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். பெரியவள் குனிந்துகொண்டாள். கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். அது கிடைக்கவில்லை, அல்லது அப்படி ஒன்று இல்லவே இல்லை.

"எனக்கு முடியலடி" என்றாள். குரல் தலைமையாசிரியையின் குரலாக இல்லை. "காலைல அஞ்சு மணிக்கு எழுந்து எல்லாம் செஞ்சுட்டுப் பள்ளிக்கூடம் போறேன். மத்தியானம் ஓடி வந்து ஒருதரம் பாத்துட்டுத் திரும்ப ஓடறேன். மாமியார் என்னைவிடக் கனம். போன வாரம் திருப்பிப் படுக்க வைக்கப் போய் ரெண்டு பேரும் கீழ விழுந்தோம். அரைமணி நேரம் அப்படியே தரையிலயே கெடந்தோம்."

"அத்தான்?"

"கதவுகிட்ட நிப்பாரு. பாத்து, பாத்துன்னு சொல்லுவாரு."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெரியவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கையைச் சின்னவள் அப்போதுதான் பார்த்தாள். விரலிடுக்குகள் வெளுத்து, தோல் வெடித்து, மருந்துத் தண்ணீரில் ஊறிய கை. தன் கை மாதிரியே இருந்தது.

"எப்படித் திருப்பறே அவங்கள?"

"எப்படின்னா? தோளப் பிடிச்சு இழுத்துத்தான்."

"அப்படி இழுத்தா உன் முதுகுதான் போகும். படு."

"இங்கயா?"

"யாரும் இல்ல. படு."

பெரியவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, சிமென்ட் பெஞ்சில் மல்லாந்து படுத்தாள். முழங்காலை மடக்கினாள்.

"நீ மடக்காதே. அவங்களால முடியாதில்ல. கனமா கெட."

"கனமாத்தான் இருக்கேன்."

"முதல்ல அந்தப் பக்கத்து முழங்கால மடக்கி நிறுத்தணும். இப்படி. அந்தக் கைய நெஞ்சு மேல எடுத்து வெச்சுடணும். அப்புறம் ஒரு கை தோளுக்குப் பின்னால, ஒரு கை இடுப்புல. இழுக்கவே வேண்டாம். நீ பின்னால சாஞ்சாப் போதும், அவங்களே உன் பக்கம் வந்துடுவாங்க."

சின்னவள் பின்னால் சாய்ந்தாள். பெரியவள் சத்தமில்லாமல் உருண்டு அவள் பக்கம் வந்தாள். முகம் தங்கையின் வயிற்றில் பதிந்தது. முதுகில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை.

"பாத்தியா?" என்றாள் சின்னவள்.

பெரியவள் எழுந்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை.

"இன்னொரு தடவ செய்" என்றாள்.

சின்னவள் அவளை மெதுவாக மல்லாக்கப் படுக்கவைத்து, மறுபடி முழங்காலை மடக்கினாள்.